ஒளித்தகடுகளை அறிவோம், காப்போம்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் இன்று கைப்பேசி ஒன்றே போதும் என்றாகிவிட்டது. ஒளித்தகடு என்றால், “அதுவா, பழைய காலத்துப் பொருள்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இந்தக் கல்வியாண்டின் தொடக்கம் வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் மாறிய கதையையும், அதனால் நாங்கள் கற்ற பாடத்தையும் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் பள்ளியின் ஒலி ஒளி அறையில், மேற்குச் சன்னலை ஒட்டி ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. ஒரு நாள் தலைமையாசிரியை சிஸ்டர் எங்களை அழைத்து, “பிள்ளைகளே, அந்த அலமாரியைக் காலி செய்ய வேண்டும். தூக்கிப் போடுவதற்கு முன் எதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்கள். எண்ணினோம்; 63 தகடுகள் இருந்தன. சில பெட்டிக்குள்ளும், சில காகித உறைக்குள்ளும், பல உறையே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகவும் கிடந்தன.

அவற்றுள் ஒன்றின் மேல், பந்துமுனைப் பேனாவால் “கிறிஸ்து பிறப்பு விழா 2002” என்று எழுதியிருந்தது. சிஸ்டர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “இதில் பாட்டு சிஸ்டரின் குரல் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை” என்றார்கள். பல ஆண்டுகள் இங்கே இசை கற்பித்து, நாங்கள் பிறப்பதற்கு முன்பே இறைவனடி சேர்ந்த அந்த அருட்சகோதரியை, நாங்கள் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறோம். ஆவலோடு தகட்டைப் பிளேயரில் போட்டோம். ஆர்மோனியம் எழுந்தது, இரண்டு அடிகள் பாடியதும் குரல் திக்கியது, பிறகு நின்றுவிட்டது. எங்களில் ஒருத்தி உடனே தகட்டை எடுத்துத் துப்பட்டா முனையால் சுற்றிச் சுற்றித் துடைக்கத் தொடங்கினாள்.

“நிறுத்து!” என்றார் இயற்பியல் ஆசிரியை. “அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதன்மேல் கை வைக்காதீர்கள். முதலில் படியுங்கள்.” படித்தோம். படித்ததைக் கீழே தருகிறோம்.

தோன்றிய வரலாறு

ஒளியைக் கொண்டு படிக்கும் தகடு முதலில் திரைப்படத்திற்காகவே விற்பனைக்கு வந்தது. 1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த லேசர் டிஸ்க், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டது. பழைய இசைத்தட்டைப் போலப் பெரியது. இசைக்கு ஏற்ற சிறு தகட்டை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1979ஆம் ஆண்டு செய்து காட்டியது. பின்னர் அது ஜப்பானின் சோனி நிறுவனத்தோடு கைகோத்துப் பொதுவான அளவுகளை வகுத்தது. 1982ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் ஹானோவர் நகரை அடுத்த லாங்கன்ஹாகன் ஆலையில் குறுந்தகடுகள் விற்பனைக்காக உருவாகத் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஜப்பானில் முதல் குறுந்தகடு பிளேயர் கடைக்கு வந்தது.

அன்று வகுத்த அளவு இன்றும் மாறவில்லை. குறுக்களவு 120 மில்லிமீட்டர், நடுத்துளை 15 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். பின்னால் வந்த டி.வி.டி.யும் புளூ-ரேயும் இதே அச்சில் பிறந்த தங்கைகளே.

தகடு எவ்வாறு பேசுகிறது?

ஒலி என்பது காற்றில் எழும் அலை. காய்ச்சல் கண்டவரின் உடல் வெப்பத்தைச் செவிலியர் மணிக்கொரு முறை அளந்து அட்டையில் குறிப்பதுபோல, இந்த அலையின் உயரத்தை அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கிறார்கள். செவிலியர் அளப்பது மணிக்கு ஒரு முறை. குறுந்தகட்டிற்காக அளப்பதோ ஒரு விநாடிக்கு 44,100 முறை! இடச் செவிக்கும் வலச் செவிக்கும் தனித்தனியே அளந்து, ஒவ்வோர் அளவையும் 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் ஆன 16 இட எண்ணாக எழுதுகிறார்கள். ஆகவே ஒரு விநாடி இசைக்கு 14 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் தேவைப்படுகின்றன.

இவ்வளவையும் எங்கே எழுதுவது? பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கில், நுண்ணிய குழிகளாக எழுதுகிறார்கள். குழிகள் ஒரே சுருள் தடமாக, நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிச் செல்கின்றன. பழைய இசைத்தட்டு வெளியிலிருந்து உள்ளே செல்லும். குறுந்தகடு உள்ளிருந்து வெளியே செல்லும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. நம் தலைமுடி ஒன்றின் பருமனுக்குள் இப்படி ஏறத்தாழ 40 சுற்றுகள் அடங்கும். அந்தச் சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும்.

குழிகளின்மேல் அலுமினியத்தை மெல்லிய படலமாகப் படியவைத்துக் கண்ணாடி போலாக்குகிறார்கள். அதன்மேல் ஒரு மெல்லிய அரக்குப் பூச்சு. அதற்கும் மேல் பெயர் அச்சு. பிளேயருக்குள் இருக்கும் லேசர், கீழ்ப்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் வழியே ஒளியைப் பாய்ச்சுகிறது. சமதளத்தில் பட்ட ஒளி பளிச்சென்று திரும்புகிறது. குழியில் பட்டது மங்கித் திரும்புகிறது. குழி என்றால் 0, சமதளம் என்றால் 1 என்று பலரும் எண்ணுகிறார்கள். நாங்களும் அப்படியே எண்ணினோம். உண்மையில், குழி தொடங்கும் விளிம்பும் முடியும் விளிம்பும்தான் 1. மாற்றமின்றிச் செல்லும் நீளமெல்லாம் 0. அதாவது, தகடு தன் செய்தியை மாற்றங்களில் வைத்திருக்கிறது.

இசைத்தட்டில் முள் உரசிக்கொண்டே போவதால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அது சிறிது தேயும். ஒளித்தகட்டை ஒளி மட்டுமே தொடுகிறது. ஆயிரம் முறை கேட்டாலும் ஒளியால் அது தேயாது. அப்படியானால் எங்கள் தகடு கெட்டது எப்படி? அதைத்தான் இனிக் காணப்போகிறோம்.

உருவம் ஒன்று, இனம் பல

சி.டி. என்னும் குறுந்தகட்டை 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு லேசர் படிக்கிறது. இதில் 74 முதல் 80 நிமிட இசை அல்லது 650 முதல் 700 எம்.பி. செய்தி அடங்கும். இதே தகட்டில் எம்.பி.3 என்னும் சுருக்கிய முறையில் எழுதினால் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொள்ளும். ஆனால் பழைய பிளேயர்கள் அவற்றைப் பாடமாட்டா.

வி.சி.டி. என்பது அதே குறுந்தகட்டில் படத்தைச் சுருக்கி எழுதும் முறை. 1993ஆம் ஆண்டு வந்தது. ஒரு தகட்டில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் படமே அடங்கும். இதனால்தான் ஒரு தமிழ்ப் படத்திற்கு இரண்டு, மூன்று தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டதாக நம் பெற்றோர் சொல்கிறார்கள்.

டி.வி.டி. 1996ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. இதற்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். சுற்றுகளின் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டராகக் குறைந்தது. ஓர் அடுக்கில் 4.7 ஜி.பி.யும், இரண்டு அடுக்கில் 8.5 ஜி.பி.யும் அடங்கும்.

புளூ-ரே 2006ஆம் ஆண்டு கடைக்கு வந்தது. 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர், இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர், ஓர் அடுக்கில் 25 ஜி.பி. இதே காலத்தில் போட்டிக்கு வந்த எச்.டி. டி.வி.டி. 2008ஆம் ஆண்டிலேயே களத்தை விட்டு விலகியது.

தகடு வளரவில்லை, ஆனால் கொள்ளளவு இவ்வளவு பெருகியது எப்படி? கோலம் போடும்போது பருமனான இழை இழுப்பவளுக்கு வாசலில் சிறு கோலமே அடங்கும். மெல்லிய இழை இழுப்பவள் அதே இடத்தில் பெருங்கோலம் போட்டுவிடுவாள். ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதன் முனை கூர்மையாகிறது; கூர்மையான முனை நுண்ணிய எழுத்தைப் படிக்கிறது. இதனால்தான் டி.வி.டி. பிளேயரில் சி.டி. பாடும், சி.டி. பிளேயரில் டி.வி.டி. பாடாது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் டி.வி.டி. சில வேளைகளில் நம் பிளேயரில் ஓடாது. அது தகட்டின் பழுதன்று. திரைப்படத் தகடுகளை உலகப் பகுதிவாரியாக எண்ணிட்டு விற்கிறார்கள். இந்தியா டி.வி.டி.க்கு ஐந்தாம் பகுதி. புளூ-ரேக்கு ‘சி’ பகுதி. உறையின் பின்புறத்தில் உலக உருண்டைப் படத்திற்குள் இந்த எண்ணைக் காணலாம்.

அச்சுத் தகடும் எழுது தகடும்

தோழியரே, இக்கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுவே.

கடையில் விற்கும் பாட்டுத் தகடும் படத் தகடும் ஆலையில் அச்சிட்டவை. அவற்றின் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டவை, எளிதில் அழியமாட்டா. வீட்டிலும் பள்ளியிலும் கணினியில் நாம் எழுதும் தகட்டில் குழியே கிடையாது. சி.டி.-ஆர், டி.வி.டி.-ஆர் போன்றவற்றில் கரிமச் சாயம் ஒன்றைப் பூசியிருப்பார்கள். எழுதும் லேசர் அந்தச் சாயத்தை ஆங்காங்கே சுட்டுத் தழும்பாக்குகிறது. படிக்கும் லேசர் தழும்பைக் குழியென்றே எடுத்துக்கொள்கிறது. அழித்து எழுதும் ஆர்.டபிள்யூ. வகையில் சாயத்திற்குப் பதிலாக ஓர் உலோகக் கலவை உண்டு. வெப்பத்தால் அதன் நிலை மாறி, ஒளியைத் திருப்பும் திறன் கூடவும் குறையவும் செய்கிறது.

சாயம் என்றால் வெளுக்கும். கொடியில் நாள்கணக்கில் கிடந்த வண்ணத் துணி வெளுப்பதில்லையா? வெயிலும் வெப்பமும் ஈரமும் சாயத்தின் பகைவர்கள். சாயம் வெளுத்தால் தழும்புக்கும் தழும்பில்லாத இடத்திற்கும் வேறுபாடு தெரியாமல் போகும். மேலே கீறல் ஒன்றுகூட இல்லாத தகடும் ஊமையாகிவிடும்.

இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சுத் தகடு வெள்ளி நிறமாக இருக்கும். எழுது தகடு பெரும்பாலும் சற்றுப் பச்சையாகவோ நீலமாகவோ ஊதாவாகவோ தோன்றும்.

இதை அறிந்ததும் எங்கள் மனத்தை ஓர் எண்ணம் தைத்தது. கடையில் மறுபடியும் வாங்கக் கூடிய பாடல்கள் உறுதியான தகட்டில் இருக்கின்றன. உலகில் ஒரே ஒரு பிரதியாக உள்ள நம் வீட்டுத் திருமணமும், புதுநன்மை விழாவும், பாட்டு சிஸ்டரின் குரலும் சாயம் பூசிய தகட்டில் இருக்கின்றன. எது அருமையானதோ அதுவே மெலிந்த பாத்திரத்தில் இருக்கிறது.

கீறலும் கணிதமும்

தகட்டில் சிறு கீறல் விழுந்தாலும் பாட்டு நிற்பதில்லை. அதற்குக் காரணம் கணிதம்! இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட பிழை திருத்தும் முறையே இங்குப் பயன்படுகிறது.

சுற்றுலா செல்லும்போது வகுப்பு முழுவதற்குமான உணவுப் பொட்டலங்களை ஒரே பையில் வைத்து, அந்தப் பை தொலைந்தால் எல்லோரும் பட்டினி. ஆளுக்குச் சிறிது சுமந்து, கூடுதலாகச் சில பொட்டலங்களும் வைத்திருந்தால், ஒரு பை தொலைந்தாலும் யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. குறுந்தகட்டிலும் அடுத்தடுத்த எண்களைப் பிரித்துத் தடத்தின் பல இடங்களில் விதைக்கிறார்கள். இழந்ததைக் கணக்கிட்டு மீட்பதற்கென்று கூடுதல் எண்களையும் சேர்க்கிறார்கள். இதனால் தடத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளம் தொடர்ந்து அழிந்தாலும் பிளேயர் அதைக் கணக்கிட்டு முழுமையாக மீட்டுவிடும்.

இங்கேதான் துடைக்கும் முறையின் இரகசியம் அடங்கியிருக்கிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக ஒரு கீறல் விழுந்தால், அது ஒவ்வொரு சுற்றையும் சிறிதளவே வெட்டும். கணிதம் அதைச் சரிசெய்துவிடும். சுற்றிச் சுற்றித் துடைக்கும்போது விழும் வட்டக் கீறலோ ஒரே தடத்தின் வழியே நீண்டு போகும். கணிதத்தின் எல்லையைத் தாண்டிவிடும். எங்கள் தோழியின் துப்பட்டாவை ஆசிரியை ஏன் தடுத்தார் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

எந்தப் பக்கம் மென்மையானது?

பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பேணுகிறோம்; பெயர் எழுதிய பக்கத்தைத் தரையில் வைக்கிறோம். குறுந்தகட்டைப் பொறுத்தவரை இது தவறு. அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவலாக நிற்கிறது. அதன் மேற்பரப்பில் லேசர் கதிர் அகன்று நின்று, உள்ளே போய்த்தான் கூர்மையாகிறது. ஆகவே மேலே உள்ள சிறு தூசி, கொசுவலை வழியாகத் தெருவைப் பார்ப்பதுபோல, அவ்வளவாகப் பார்வையை மறைப்பதில்லை. பெயர் எழுதிய பக்கத்திலோ மெல்லிய அரக்குப் பூச்சின் கீழேயே வெள்ளிப் படலம் இருக்கிறது. பந்துமுனைப் பேனா அழுத்தினாலே அது நொறுங்கும். டி.வி.டி.யில் செய்தி இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு இடையே பாதுகாப்பாக இருக்கிறது. புளூ-ரேயில் படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. அதனால் அதற்குக் கடினமான பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள்.

இதை நாங்கள் ஒரு வருத்தமான வழியில் கண்ணாலேயே கண்டோம். ஏழாம் வகுப்பில் கைவினைக் கண்காட்சிக்காகப் பழைய தகடுகளை அட்டையில் ஒட்டி, ஜிகினா தூவி, ஓர் அலங்காரத் தொங்கல் செய்தோம். பரிசும் கிடைத்தது. அது இன்னமும் நூலகத் தாழ்வாரத்தில் தொங்குகிறது. இந்த வேலையில் இறங்கிய பிறகு, அதில் ஒரு தகடு பசை விட்டுச் சாய்ந்திருப்பதைக் கண்டு திருப்பிப் பார்த்தோம். “ஆண்டு விழா 2007, நாடகம்” என்று எழுதியிருந்தது. பதைத்துப்போய் மெல்லப் பிரித்தோம். வெள்ளிப் படலம் முழுவதும் அட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கையில் மிஞ்சியது தெளிந்த பிளாஸ்டிக் வட்டம். அதன் வழியே அக்கரையில் நின்ற எங்கள் முகங்கள் தெரிந்தன. அந்த நாடகத்தை இனி யாரும் பார்க்க முடியாது.

தகடுகளைப் பேணும் முறை

1. தகட்டை விளிம்பிலும் நடுத்துளையிலும் மட்டுமே பிடிக்க வேண்டும். விரல் ரேகை எண்ணெய்க் கறையாகித் தூசியைச் சேர்க்கும்.

2. பெயர் எழுதுவதாயின் தகடுகளுக்கென்று விற்கும் மென்முனை மார்க்கரால், நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் எழுதுவது நல்லது. பந்துமுனைப் பேனா, பென்சில் கூடாது. ஒட்டும் காகிதமும் கூடாது; அது சுழலும்போது சமநிலையைக் கெடுக்கும், பிரித்தால் படலத்தையும் உரித்துவிடும்.

3. கெட்டியான பெட்டியில், நூலகத்துப் புத்தகம் போல நிற்கவைத்து அடுக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுவிலுள்ள பிடியை அழுத்தி எடுக்க வேண்டும். தகட்டை வளைத்து இழுக்கக் கூடாது.

4. வெயில் படாத, குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். கடற்காற்று வீசும் ஊர்களில் மூடிய பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வைக்கலாம். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில், ஈரப் புழுக்கத்தில் தகட்டையே அரித்துத் தின்ற ஒரு பூஞ்சையை 2001ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு அறிஞர் ஒருவர் கண்டறிந்தார் என்றால் ஈரத்தின் கொடுமையை அறியலாம்.

5. தூசியை முதலில் ஊதும் பம்பால் போக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். பிசுக்கு இருந்தால் தூய நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து அடிப்பக்கத்தை நனைத்து, நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்தலாம்.

6. பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகியவற்றை அருகிலும் கொண்டுவரக் கூடாது. அவை பிளாஸ்டிக்கை மங்கவைக்கும். பற்பசை தேய்க்கும் வைத்தியத்தைப் பலர் சொல்கிறார்கள். அது கீறலைத் தேய்க்கும் அதே நேரத்தில் புதிய கீறல்களையும் உண்டாக்கும். ஒரே பிரதியாக உள்ள தகட்டில் அந்தச் சோதனை வேண்டாம்.

7. கணினியில் எழுதி முடித்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்ய மறக்கக் கூடாது. அப்படி முடித்துவைக்காத தகட்டை வேறு பிளேயர்கள் படிக்கமாட்டா.

பிளேயரைப் பேணும் முறை

பிளேயரைச் சமதளத்தில், காற்றோட்டமாக வைக்க வேண்டும். சூடேறும் ஆம்பிளிஃபையரின் மேல் வைக்கக் கூடாது. தட்டத்தைக் கையால் தள்ளி மூடாமல் பொத்தானை அழுத்தி மூட வேண்டும். தகடு சுழலும்போது பிளேயரை அசைப்பதும் மின்செருகியைப் பிடுங்குவதும் தவறு. வேறிடம் கொண்டுபோகும் முன் தகட்டை எடுத்துவிட வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான கூடத்திற்குக் கொண்டுவந்தால், கண்ணாடி வில்லையில் பனித்துளி படியும். ஓரிரு மணி நேரம் காத்திருந்து இயக்குவது நலம்.

வாரக்கணக்கில் பயன்படுத்தாத பிளேயரில் துணி மூடி வைக்கலாம். இயக்கும்போது துணியை எடுத்துவிட வேண்டும். எல்லாத் தகடுகளும் திக்கினால் பழுது பிளேயரில் இருக்கலாம். ஒரு தகடு மட்டும் திக்கினால் பழுது தகட்டில் இருக்கலாம். இந்த எளிய சோதனையைச் செய்யாமல் பல நல்ல தகடுகளைக் குப்பையில் போட்டிருக்கிறோம். வில்லையில் தூசி படிந்திருந்தால், தூரிகை பொருத்திய துப்புரவுத் தகட்டை எப்போதாவது ஒரு முறை பயன்படுத்தலாம். மூடியைத் திறந்து நாமே உள்ளே பார்ப்பது ஆபத்து. சி.டி. படிக்கும் லேசர் கண்ணுக்குப் புலப்படாதது. ஆனால் கண்ணைக் கெடுக்கக் கூடியது. அதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிட வேண்டும்.

விரிசல் விட்ட தகட்டைக் கணினியில் போடவே கூடாது. வேகமான டிரைவில் அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 10,000 முறை சுழலும், உள்ளேயே சிதறிவிடும்.

எங்கள் அலமாரியில் கண்டது

இவற்றையெல்லாம் கற்ற பிறகு, 63 தகடுகளையும் பிரித்தோம். 21 அச்சுத் தகடுகள். 42 எழுது தகடுகள். அச்சுத் தகடுகள் துடைத்ததும் பாடின. எழுது தகடுகளில் 29 முழுமையாகவும் 8 அரைகுறையாகவும் படிக்க வந்தன. மேற்குச் சன்னலின் மாலை வெயில் நேரே விழுந்த அடுக்கில் உறையின்றிக் கிடந்த ஐந்தும் ஊமையாகவே இருந்துவிட்டன. அலமாரியை இரண்டு அடி தள்ளி வைத்திருந்தால் அவை பிழைத்திருக்கலாம்.

பாட்டு சிஸ்டரின் தகட்டை முறைப்படி அலசி உலர்த்தினோம். எங்கள் கணினி அறையின் புதிய கணினிகளில் தகடு போடும் டிரைவே இல்லை. பழைய கணினி ஒன்றில் போட்டோம். நான்கு பாடல்கள் வந்தன. கணினி ஆசிரியை தம் வீட்டிலிருந்து தனி டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு டிரைவ் படிக்காததை மற்றொன்று படிப்பது உண்டு என்பதை அன்று கற்றோம். குறைந்த வேகத்தில் மெல்ல மெல்லப் படிக்கவிட்டதில், மொத்தம் 12 பாடல்களில் 10 முழுமையாக வந்தன. கடைசி இரண்டும் வரவே இல்லை. ஒளியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். விளிம்பை ஒட்டிப் பேனா அழுந்திய இடங்களில் படலம் நொறுங்கி, ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. அன்போடு பெயர் எழுதிய கைதான், அறியாமல் அந்த இரண்டு பாடல்களையும் அழித்திருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தன்று அந்தப் பத்துப் பாடல்களையும் கூடத்தில் ஒலிக்கச் செய்தோம். மூன்றாம் பாடலின்போது எங்கள் வகுப்புத் தோழியின் அம்மா எழுந்து நின்றுவிட்டார். “அந்த இரண்டாம் குரலில் நானும் இருக்கிறேன்” என்றார். பாடல் முடிந்ததும், “சிஸ்டர் எங்களை இப்படித்தான் இருமி நிறுத்துவார்கள்” என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டின் முடிவில் ஓர் இருமல் கேட்டிருந்தது உண்மை. பதிவில் ஏற்பட்ட பிழை என்று எண்ணி, அதை வெட்டிவிடலாமா என்று நாங்கள் யோசித்திருந்தோம். நல்லவேளை, வெட்டவில்லை.

இப்போது அப்பாடல்களின் ஒரு பிரதி பள்ளிக் கணினியிலும், ஒன்று தலைமையாசிரியை அறையிலுள்ள தனி ஹார்டு டிஸ்கிலும், ஒன்று புதிய தகட்டிலும் உள்ளன. ஆண்டுக்கொரு முறை மூன்றையும் போட்டுப் பார்க்கும் பொறுப்பு இனி வரும் பத்தாம் வகுப்பினருக்கு உரியது என்று பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

முடிவுரை

ஒளித்தகட்டின் காலம் சுருங்கி வருகிறது. நம் நாட்டில் மிகக் குறைந்த விலையில் படத் தகடுகளை விற்ற மோசர் பேர் நிறுவனம் 2018ஆம் ஆண்டு கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. குறுந்தகட்டைப் பெற்ற தாய்களுள் ஒன்றான சோனி, எழுதக் கூடிய புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறுத்தியது. தகட்டைப் படிக்கும் டிரைவ்களும் கணினிகளிலிருந்து மறைந்து வருகின்றன. தகடு நன்றாக இருந்தும் படிக்கக் கருவி இல்லாத நாள் வரலாம்.

ஆதலால் அன்புத் தோழியரே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, பெற்றோரின் திருமணத் தகட்டைத் தேடி எடுங்கள். அடிப்பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். சாயத் தகடு என்றால், வேறெதற்கும் முன்னால் அதைப் படியெடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். தாத்தாவின் குரலும் பாட்டியின் சிரிப்பும் அதில் இருக்கும். தகட்டிற்கு நினைவாற்றல் உண்டு. ஆனால் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. அந்த வேலையை இறைவன் நம் கைகளுக்கு விட்டிருக்கிறார்.

எங்கள் அலங்காரத் தொங்கலை நாங்கள் கழற்றவில்லை. படலம் உரிந்த அந்த ஒரு வட்டத்தை மட்டும் அதன் நடுவில் மீண்டும் கட்டியிருக்கிறோம். தாழ்வாரத்தில் நடக்கும் தங்கையர் யாரேனும் அது ஏன் என்று கேட்டால், இக்கட்டுரையைப் படிக்கச் சொல்லுங்கள்.